டீம் ப்ராஜெக்டாகக் காட்சி நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கல்லூரி வடசென்னையில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. மூன்றாம் ஆண்டில் ஒரு டீம் ப்ராஜெக்ட் உண்டு: துறைகளில் மாணவர்கள் செய்த வேலையை வெளியாருக்குக் காட்டும் ஒரு நாள் நிகழ்ச்சியைத் திட்டமிட்டு, நடத்தி, அறிக்கை கொடுக்க வேண்டும். நான் அதை முடித்துவிட்டு இப்போது இங்கேயே எம்.காம். படிக்கிறேன். கேன்டீனிலும் மெட்ரோவிலும் ஜூனியர்கள் பிடித்து நிறுத்திக் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டு போகும்.

1. அக்கா, இது கல்ச்சுரல்ஸா, சிம்போசியமா? ரெண்டும் இல்லன்னா இன்னாதான் இது?

கல்ச்சுரல்ஸ் மேடையை நம்பி நடப்பது. சிம்போசியம் என்றால் மற்ற கல்லூரிகள் வந்து போட்டி போட்டுப் பரிசு வாங்கிப் போவது. காட்சி நாளில் கெமிஸ்ட்ரி பையன் தான் காய்ச்சிய சோப்பை மேசையில் வைத்துக்கொண்டு நிற்பான், முன்பின் தெரியாத ஒருவர் வந்து "இதுல என்னப்பா போட்டிருக்க?" என்று கேட்பார், அவன் பதில் சொல்வான். அவ்வளவுதான் நிகழ்ச்சி.

உங்கள் திட்டத்திலிருந்து மேடையை அடித்துவிட்டுப் பாருங்கள். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் நீங்கள் எழுதியிருப்பது கல்ச்சுரல்ஸ். இந்தக் குழப்பம் தீராமல் வேலையைத் தொடங்கும் டீம்கள் கடைசி வாரத்தில் டான்ஸ் ப்ராக்டிஸில்தான் போய் நிற்கும்.

2. ரிப்போர்ட் மட்டும் எழுதினா போதுமா, நடத்தியே ஆகணுமா?

உங்கள் கைடிடம் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள், துறைக்குத் துறை மாறும். காகிதத்தோடு நிற்கும் ப்ராஜெக்டாக இருந்தாலும் கொட்டேஷன் உண்மையான கடையில் வாங்கியதாக இருக்கட்டும். "சேர் வாடகை தோராயமாக" என்று எழுதினால் வைவாவில் முதலில் பிடிபடுவது அந்த வரிதான்.

3. யாருக்காக நடத்துறோம்னு எழுதணுமாம். "அனைத்துத் தரப்பினருக்கும்"னு போட்டா மேடம் ஏன் அடிச்சுத் தராங்க?

யாருக்கு என்று முடிவாகாமல் தேதி, நேரம், மொழி, போஸ்டர், நாற்காலி எதையும் முடிவு செய்ய முடியாது. பிளஸ் டூ மாணவர்கள் வருவார்களானால் அவர்களுக்கு வேண்டியது "இங்கே சேர்ந்தால் என்ன செய்வேன்" என்பது. வேலை கொடுப்பவர்களுக்கு, இந்தப் பெண்ணுக்கு டேலி சாஃப்ட்வேரில் கணக்கு எழுதத் தெரியுமா, நாலு பேர் முன்னால் பேச வருமா என்பது. இருவருக்கும் ஒரே ஸ்டால் போட்டால் இருவருமே பாதியில் நகர்ந்துவிடுவார்கள்.

என்னைக் கேட்டால் நம் பக்கத்தில் முதல் ஆள் பெற்றோர்தான். காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று எங்கிருந்து வந்தாலும், வீட்டில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் நம் வகுப்பில் நிறைய. அட்மிஷன் அன்று ஃபீஸ் கவுன்டர் வரை வந்த அம்மா, பட்டமளிப்பு வரை மறுபடி உள்ளே வருவதே இல்லை. மூன்று வருஷம் இவள் இங்கே என்னதான் படிக்கிறாள், முடித்ததும் என்ன ஆவாள் என்ற இரண்டு கேள்வியும் அவர்களுக்கு அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டாலும் இந்த இரண்டுக்கும் தமிழில் பதில் சொன்னாலே நிகழ்ச்சி ஜெயித்துவிடும்.

ஆக ஒருவரை முதன்மையாக வைத்து, இன்னொருவரை இரண்டாவதாகச் சேருங்கள். பெற்றோரும் அக்கம்பக்கத்துப் பள்ளி மாணவர்களும் நல்ல ஜோடி. மூன்றாவதாக ஒருவரைச் சேர்க்க ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்.

4. தேதியை எப்படி ஃபிக்ஸ் பண்றது? எந்த நாள் சொன்னாலும் ஒருத்தர் வேணாங்கிறாங்க.

முதலில் கழித்தல் கணக்குப் போடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடிக்காரர்கள் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். நவம்பரிலும் ஏப்ரலிலும் நமக்கு செமஸ்டர். மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வு, பள்ளிகள் யாரையும் அனுப்பாது. மிஞ்சுவது ஆகஸ்ட், செப்டம்பர், பிறகு பொங்கல் முடிந்து பிப்ரவரி நடு வரை. ரம்ஜான் நோன்பு ஆண்டுக்குப் பத்து, பதினோரு நாள் முன்னால் நகரும், அந்த ஆண்டுக் காலண்டரையும் பாருங்கள். ராயபுரம், மண்ணடிக் குடும்பங்களை நோன்பு மாதத்தில் மாலையில் கூப்பிட்டுவிட்டு வரவில்லை என்று வருத்தப்படக் கூடாது.

அடுத்தது கிழமை. எல்லோருக்கும் ஞாயிறு லீவு என்பது ஆபீஸ்காரர் கணக்கு. காசிமேட்டில் ஏலம் விடியற்காலையிலேயே தொடங்கிவிடும், ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம் நெரியும். மீன் விற்கும் அம்மா ஞாயிறு காலை வரவே முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது அந்தக் குடும்பங்களுக்கு நேரம் இருக்கும், நமக்குத் தேர்வும் விடுமுறையும். வெள்ளி மதியம் தொழுகை. சுற்றி வளைத்துப் பார்த்தால் சனிக்கிழமைதான் தேறும்: காலை 10 முதல் 1 வரை பள்ளி மாணவர்கள், 3 முதல் 6 வரை பெற்றோர். இரண்டு கூட்டத்தையும் கலக்காமல் விட்டால் 8ஆம் கேள்வியில் வரும் நெரிசலும் பாதி தீரும்.

5. டீம்ல யார் யாருக்கு என்ன வேலை?

இடமும் கரண்டும் ஒருவர், துறைகளோடு பேசுவது ஒருவர், அழைப்பும் பள்ளிகளும் ஒருவர், வாலண்டியர்கள் ஒருவர். இவை எப்படிப் பிரித்தாலும் நடக்கும். பணத்தில் மட்டும் கறாராக இருங்கள்: சாமான் வாங்குகிறவரும் கணக்கு எழுதுகிறவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். நம்பிக்கை இல்லை என்று அர்த்தமில்லை. பிறகு நூறு ரூபாய் இடித்தால் நட்பு இடிக்காமல் இருக்கும்.

6. பட்ஜெட் எப்படிப் போடறது? எங்க வாங்கினா கம்மி?

பாரிமுனை நமக்குப் பக்கத்திலேயே இருப்பது பெரிய சௌகரியம். பேப்பர், அட்டை, அழைப்பிதழ் எல்லாம் ஆண்டர்சன் தெரு. அலங்காரச் சாமானுக்கு தேவராஜ முதலி தெரு. மேசை விரிப்பு, திரைத் துணிக்கு கோடவுன் தெரு. மொத்த வியாபாரம் என்பதால் ஒவ்வொரு துறையும் தனித்தனியாகப் போய் வாங்காமல், எல்லா ஸ்டாலுக்கும் சேர்த்து ஒரே தடவையில் வாங்குங்கள். விலையும் குறையும், எல்லா மேசையும் ஒரே நிறத்தில் இருக்கும்.

சேர், மேசை, மைக் செட் வாடகைக்கு மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை உள்ளே சேர்ந்ததா, மாலை ஆறு மணிக்கு மேல் ஆனால் இன்னொரு நாள் வாடகையா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குறைவாகச் சொன்ன கடை இந்த இடத்தில்தான் கூடுதலாகிவிடும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் தனியே வையுங்கள். பில் கல்லூரி பெயரில், தேதியோடு வேண்டும். வெறும் சீட்டில் எழுதித் தருகிற கணக்கைக் கொண்டுபோனால் ஆபீஸில் பணம் திரும்ப வராது.

7. ஸ்பான்சர் கேட்டுப் போனா கடைக்காரங்க நிமிர்ந்துகூட பார்க்க மாட்டேங்கிறாங்க.

எம்.சி. ரோடு ஜவுளிக் கடைக்காரரிடம் கோயில் திருவிழா, கிரிக்கெட் டோர்னமென்ட், பிள்ளையார் சதுர்த்தி என்று வருஷம் முழுக்க ரசீது புத்தகத்தோடு ஆள் வருகிறது. நீங்கள் இன்னொரு ரசீது புத்தகம். அதனால் பணம் கேட்காமல் பொருள் கேளுங்கள்: குடிநீர் கேன், மோர், மேசைத் துணி, கைநோட்டீஸ் அச்சு. எத்தனை பேர் வருவார்கள், அவர் கடைப் பெயர் எங்கே இருக்கும் என்று ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

போகிற நேரமும் முக்கியம். ஆடித் தள்ளுபடியிலோ தீபாவளிக்கு முன்போ மாலை நேரத்தில் போய் நின்றால் யாராக இருந்தாலும் எரிந்துதான் விழுவார்கள். வார நாளில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் போங்கள். யாராவது பணமாகவே கொடுத்தால், உங்கள் சொந்த ஜிபே நம்பருக்கு வாங்காதீர்கள். கல்லூரி வழியாக ரசீது கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

8. ஒரு ஸ்டால்ல எத்தனை பேர் வந்தா தாங்கும்? கூட்டம் வந்தாதானே சக்சஸ்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை மூன்று மணி நேரம் என்றால் 180 நிமிடம். ஒரு முறை விளக்க 5 நிமிடம், சுற்றி நின்று கேட்க 5 பேர். ஒரு ஸ்டால் அதிகபட்சம் 36 முறை விளக்கலாம், 180 பேர் கேட்கலாம். அதுவும் தண்ணீர் குடிக்காமல் பேசினால். நான்கு பள்ளியிலிருந்து 500 பேரை வரச் சொல்லிவிட்டு எல்லோரும் எல்லா ஸ்டாலையும் பார்ப்பார்கள் என்று அறிக்கையில் எழுதுவது நடக்காத காரியம்.

விளக்கத்தை 3 நிமிடமாக்கி, ஒரே ஸ்டாலில் இரண்டு பக்கம் இரண்டு பேர் பேசினால் கணக்கு 600க்குப் போகும். அல்லது பள்ளிக்கு ஒரு நேரம் கொடுத்து வரவழைக்கலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், ஏனென்றால் ஆசிரியர்களுக்கும் அதுதான் வசதி. ஹாலுக்குள் ஒரே திசையில் நடக்க விடுங்கள், நுழைகிற கதவும் வெளியேறுகிற கதவும் வேறாக இருக்கட்டும், நடைபாதை இரண்டு மீட்டராவது வேண்டும். எல்லோரும் மொய்க்கப்போகிற ரோபோவைக் கதவருகே வைக்காதீர்கள். கடைசியில் வைத்தால் வழியில் தமிழ்த் துறையையும் நாலு பேர் பார்ப்பார்கள்.

9. போஸ்டர்ல மேடம் கன்டென்ட் நிறைய வேணும்ங்கிறாங்க, நீங்க கம்மியா போடச் சொல்றீங்க. யார் பேச்சைக் கேக்கறது?

இரண்டு பேச்சையும் கேட்கலாம். மேடத்துக்கு வேண்டிய முழு விவரத்தை ஒரு ஃபைலில் போட்டு மேசை மேல் வையுங்கள். சுவரில் தொங்குவது நின்று பார்ப்பவருக்கு. மூன்று மீட்டர் தள்ளிப் படிக்க வேண்டிய தலைப்பு எழுத்து சுமார் 25 மில்லிமீட்டர் உயரமாவது இருக்கட்டும். ஏ1 அளவுத் தாள் 594க்கு 841 மில்லிமீட்டர்தான், அந்த அளவில் எழுதினால் நீங்களாகவே குறைத்துவிடுவீர்கள். 3ஆம் கேள்வியில் பெற்றோர் என்று முடிவு செய்திருந்தால் தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே.

ஃப்ளெக்ஸ் கடையில் ஒரு விஷயம். யூனிகோடில் அடித்த தமிழை வேர்டு ஃபைலாகக் கொடுத்தால் சில கடைகளின் பழைய சாஃப்ட்வேரில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பிடிஎஃப் ஆக மாற்றிக் கொடுங்கள், அச்சடிக்கும் முன் அவர்கள் ஸ்க்ரீனிலேயே தமிழ்த் துறை ஆள் ஒருவரை வைத்துப் படித்துப் பாருங்கள். கல்லூரி முதல்வர் பெயரில் ஒற்றுப்பிழை வந்து, மேலே ஸ்டிக்கர் ஒட்டிய போஸ்டர்களை வருஷா வருஷம் பார்க்கிறோம்.

10. கரண்ட் பத்தி யாரைக் கேக்கணும்?

கல்லூரி எலக்ட்ரீஷியன் அண்ணாவை. ஒரு வாரம் முன்பே, கையில் பட்டியலோடு. 6 ஆம்பியர் பிளக் பாயின்டில் 230 வோல்ட்டுக்கு சுமார் 1,380 வாட் வரைதான் இழுக்கலாம். ஹோம் சயன்ஸ் ஸ்டாலின் இன்டக்ஷன் அடுப்பு ஒன்றே அதைத் தாண்டிவிடும். அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ப்ரொஜெக்டரையும் சொருகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எக்ஸ்டென்ஷனிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுக்காதீர்கள். நடைபாதையைக் கடக்கும் ஒயரை டேப் போட்டு ஒட்டுங்கள், புடவை கட்டி வருபவர்கள் கால் மாட்டும்.

11. மைக், சினிமாப் பாட்டு, கானா... எதுக்கெல்லாம் பர்மிஷன் வாங்கணும்?

மூடிய ஹாலுக்குள் நமக்கு நாமே கேட்கிற மைக்குக்குப் பிரச்சினை இல்லை. திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைத்தால் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி எழுத்து மூலம் அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை கூடவே கூடாது. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிற கல்லூரிகள் இதை மறந்துவிடக் கூடாது.

பாட்டு விஷயம் கொஞ்சம் நுணுக்கம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் கல்வி நிலையங்களுக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் பதிவு செய்த பாட்டை ஓடவிட, கேட்பவர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், கல்லூரியோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். வெளிப்பள்ளி மாணவர்களையும் ஊர்மக்களையும் கூப்பிட்டால் அந்த வட்டம் உடைகிறது, உரிமம் பற்றி ஆபீஸில் கேட்க வேண்டிவரும். நம் பையன்கள் சொந்தமாகக் கட்டிய கானாவை மேசையில் தாளம் தட்டிப் பாடினால் இந்தத் தலைவலியே இல்லை.

12. கேட்டுக்கு வெளியே பேனர் வைக்காம யாருக்குத் தெரியும்?

ரோட்டில் வைக்காதீர்கள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலைத் தடுப்பில் வைத்த பேனர் விழுந்து ஒரு இளம்பெண் உயிர் போனது. அதற்குப் பிறகும் அனுமதி இல்லாமல் வைக்கிறோம் என்றால் படித்து என்ன பயன்? தலைமை ஆசிரியர்களுக்கு நேரில் கடிதம், பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் மகனோ மகளோ பேசிய ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ், இவை போதும். அழைப்பிதழில் அருகிலுள்ள மெட்ரோ நிலையமும் பஸ் ஸ்டாப்பும் பெரிதாக இருக்கட்டும். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீட்டியதிலிருந்து திருவொற்றியூர்க்காரர்களுக்கு மெட்ரோவே சுலபம்.

கூடவே, பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் இங்கே தடைசெய்த பட்டியலில் இருக்கிறது. மோருக்கு எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுங்கள்.

13. சீஃப் கெஸ்ட்டா யாரைக் கூப்பிடலாம்? பெரிய ஆளா இருந்தா பேப்பர்ல வருமே?

பெரிய ஆள் தாமதமாக வருவார். அவர் வரும்வரை ரிப்பன் வெட்டக் கூடாது என்று பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்துவார்கள். வந்ததும் குத்துவிளக்கு, பொன்னாடை, மொமென்டோ, வரவேற்புரையில் எல்லோர் பெயரும். ஸ்டால்கள் திறக்கும்போது பள்ளி வேன் டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டிருப்பார். இது கிண்டல் இல்லை, மினிட் டு மினிட் ஷெட்யூல் போட்டுப் பாருங்கள், புரியும்.

ஸ்டால்களை 10 மணிக்குத் திறந்துவிடுங்கள். தொடக்க விழாவை 11 மணிக்கு, இருபது நிமிடத்தில் முடியும்படி தனியே வையுங்கள். விருந்தினராக இதே கல்லூரியில் படித்துவிட்டு இப்போது துறைமுகத்திலோ வங்கியிலோ பள்ளியிலோ வேலை பார்க்கும் பழைய மாணவரைக் கூப்பிடுங்கள். அவருக்கு ஒரே நிபந்தனை: பேச்சு ஐந்து நிமிடம், ஸ்டால் சுற்றுவது ஒரு மணி நேரம்.

14. வடசென்னைன்னா கானா, பாக்ஸிங், கேரம், மீன். இதையே தீமா வச்சிடலாமா?

துறையின் வேலையோடு ஒட்டினால் வையுங்கள். ஜுவாலஜி காசிமேட்டில் இறங்கும் மீன் வகைகளைக் காட்டட்டும். பிசிக்ஸ், பெட்டியில் ஐஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அளந்து காட்டட்டும். ஹிஸ்டரிக்கு 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிக் கிளம்பியது. கெமிஸ்ட்ரி எண்ணூர்க் கழிமுகத்துத் தண்ணீரைச் சோதிக்கலாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே எண்ணெய் கலந்ததை அந்தப் பக்கத்துப் பெற்றோர் கண்ணால் பார்த்தவர்கள், அதனால் எந்த இடம், எந்தத் தேதி, எந்தக் கருவி என்று எழுதாமல் ஒரு எண்ணும் போடாதீர்கள்.

ஆனால் லுங்கியை மடித்துக் கட்டி, கழுத்தில் துண்டு போட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று வரவேற்பது வேண்டாம். உண்மையிலேயே கூடை தூக்குகிற ஒருவர் தன் பிள்ளையைப் பார்க்க அந்த வாசல் வழியாகத்தான் வரப்போகிறார்.

15. டீம்ல ஒருத்தன் எதுவுமே செய்யல. மார்க் மட்டும் சமமா போகுமா?

முதலில் அவன் ஏன் செய்யவில்லை என்று பாருங்கள். காலேஜ் முடிந்து நேராக ஜவுளிக் கடைக்கோ டெலிவரிக்கோ போகிறவர்கள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். மீட்டிங்கை மாலை ஐந்துக்கு வைத்துவிட்டு வரவில்லை என்பது நியாயமில்லை. மதிய இடைவேளையில் வையுங்கள், இல்லையென்றால் இரவு வீட்டிலிருந்து செய்யக்கூடிய அழைப்பிதழ் வேலையைக் கொடுங்கள்.

நேரம் இருந்தும் நழுவுகிறவனுக்கு, ஒவ்வொரு மீட்டிங்கிலும் யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று எழுதி குரூப்பில் போடுவதுதான் வழி. இரண்டு தேதி தவறினால் அந்த வாரமே கைடிடம் சொல்லுங்கள். வைவாவுக்கு முதல் நாள் போய்ப் புகார் சொன்னால் அது கோள் மாதிரிதான் கேட்கும்.

16. ஃபீட்பேக் ஃபார்ம் எல்லாத்துலயும் "சூப்பர்"னு எழுதியிருக்காங்க. இதை வச்சு என்ன எழுதறது?

ஒன்றும் எழுத முடியாது. கேட்ட கேள்வி அப்படி. வெளியேறும் கதவில் ஒரு வாலண்டியர் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "வீட்டுக்குப் போய் எந்த ஸ்டாலைப் பத்திச் சொல்வீங்க?" பதிலை அவளே எழுதிக்கொள்ளட்டும், பேனா பிடிக்கத் தயங்கும் பெற்றோரும் பதில் சொல்லிவிடுவார்கள். ஸ்டால் ஸ்டாலாக எத்தனை முறை விளக்கினார்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். அதை 8ஆம் கேள்வியின் கணக்கோடு ஒப்பிட்டால் எங்கே நெருக்கியது, எங்கே ஈயாடியது என்று அறிக்கைக்கு இரண்டு பக்கம் தானாக வரும்.

17. போன வருஷ ரிப்போர்ட்டை எடுத்துத் தேதி மாத்திக்கலாமா? இல்லன்னா சாட்ஜிபிடி எழுதித் தருமே?

போன வருஷ அறிக்கையில் உருப்படியானது கடைக்காரர்களின் கொட்டேஷனும் ஹால் அளவும். அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் விலையை மறுபடி கேளுங்கள், டேப்பை வைத்து ஹாலை மறுபடி அளங்கள். மேடைக்குப் பக்கத்தில் போன மாதம் புதிதாகத் தடுப்பு போட்டிருக்கிறார்கள், பழைய வரைபடத்தை நம்பினால் இரண்டு ஸ்டால் சுவருக்குள் போய்விடும். சாட்ஜிபிடி வாக்கியத்தைத் திருத்தும். பின்கதவுச் சாவி எந்த வாட்ச்மேனிடம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, வைவாவில் நம் எச்.ஓ.டி. கேட்பது அந்த மாதிரிக் கேள்விதான்.